சீனி (சொல்)

சீனி என்பது கரும்புச் சாற்றிலிருந்து எடுக்கப்படும் வெள்ளைச் சர்க்கரையைக் குறிக்கும் சொல்லாகும். சீன நாட்டின் பெயரடியாகப் பிறந்த இச்சொல்லுக்குச் 'சீனத்தைச் சேர்ந்தது' என்பதே நேர்ப்பொருள். இந்தியிலும் வங்காளத்திலும் இதே பெயர் வழங்குகிறது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் வட்டாரங்களில் 'ஜீனி' என்றும் சொல்வர்.

பெயரை வைத்து, சர்க்கரையே சீனாவில்தான் தோன்றியது என்று மாணவர்கள் எழுதிவிடுவதுண்டு. அது பிழை. கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையாக்கும் தொழிலைச் சீனர்கள் கற்றுக்கொண்டதே இந்தியாவிடம்தான். தாங் பேரரசர் தைசோங் 647ஆம் ஆண்டில் மகத நாட்டுக்கு ஆளனுப்பி அம்முறையை அறிந்துவரச் செய்ததைச் சீன வரலாற்று நூலே கூறுகிறது.

சீனர்கள் பின்னர் அதை வெளுக்கும் முறையில் தேர்ந்தனர். அடியில் துளையுள்ள மண்கலத்தில் பழுப்புச் சர்க்கரையை நிரப்பி, பாகு வடிந்தபின் மேலே மஞ்சள் மண் கரைத்த நீரை ஊற்றுவர். நிறம் கீழே இறங்கிவிடும். மேலே வெள்ளைச் சர்க்கரை நிற்கும். சொங் யிங்சிங் 1637இல் வெளியிட்ட தொழில்நுட்ப நூலில் இது விளக்கப்பட்டுள்ளது. வெள்ளைச் சர்க்கரை சீனத்திலிருந்து வந்ததாலோ, சீன முறையில் வெளுக்கப்பட்டதாலோ இங்கே 'சீனி' எனப் பெயர் பெற்றது. ஆகவே இப்பெயர் சுட்டுவது இனிப்பின் பிறப்பிடத்தை அல்ல, வெண்மையின் பிறப்பிடத்தை. வட இந்தியாவில் கற்கண்டை 'மிஸ்ரி' என்பதும் இவ்வாறே. மிஸ்ர் என்றால் எகிப்து.

சீனிக்கு முந்திய சொல்லைத் திருவரங்கத்தில் இன்றும் கேட்கலாம். மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லியன்று வைணவர் இல்லங்களில் அக்காரவடிசில் செய்வர். அக்காரம் என்பது சர்க்கரை, அடிசில் என்பது சோறு. அக்காரமும் சர்க்கரையும் 'சர்க்கரா' என்ற ஒரே வடசொல்லின் வழிவந்தவை என்பர். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு பானை அக்காரவடிசில் படைப்பதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொள்கிறார். அதைப் பின்னாளில் நிறைவேற்றியவர் இராமானுசர் என்பது வைணவ மரபு. அந்த அக்காரத்தைச் சீனி என்று உரை சொல்வது பொருந்தாது, அது வெல்லமே. இன்றும் அரிசியைப் பாலில் குழையவிட்டு, வெல்லமும் நெய்யும் சேர்த்தே கிளறுகிறார்கள்.

'சர்க்கரை' என்ற சொல்தான் குழப்பம் தருவது. சர்க்கரைப் பொங்கலில் அது வெல்லம். மளிகைக் கடையில் சர்க்கரை கேட்டால் பொட்டலம் கட்டுவது வெள்ளைச் சர்க்கரை. சீனியில் அந்த இருபொருள் இல்லை. சென்னைப் பக்கம் முன்பு வழங்கிய 'அஸ்கா'விலும் இல்லை. அது அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில் சர்க்கரை ஆலை இருந்த ஊரின் பெயர்.

கொத்தவரங்காயைச் சீனியவரை என்பாரும் உண்டு. அதில் இனிப்பு கிடையாது. ஆட்பெயராக வரும் சீனி வேறு. அது சீனிவாசன் என்பதன் சுருக்கம். ஆய்வறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமியின் பெயரில் உள்ளது அதுவே.