கினி எலிகளுக்கான உலர்புல்

கினி எலிகளுக்கான உலர்புல் என்பது, கினி எலி (கினிப் பன்றி) எனப்படும் கொறிவிலங்கிற்கு முதன்மை உணவாகவும் படுக்கையாகவும் பயன்படும், பசுமை மாறாமல் உலர்த்தப்பட்ட புல் ஆகும். கதிர் அறுத்த பின் எஞ்சும் வைக்கோலிலிருந்து இது வேறுபட்டது. மதுரையை அடுத்த ஒத்தக்கடை போன்ற நெல் விளையும் பகுதிகளில் வைக்கோல் எளிதில் கிடைப்பதால், அதுவே உணவாகவும் கொடுக்கப்படுவதுண்டு. வைக்கோல் படுக்கைக்கு ஏற்றது. உணவாக அதை மட்டும் கொடுத்தால் விலங்கு ஊட்டக் குறைவால் நலிவுறும்.

உணவில் உலர்புல்லின் தேவை

கினி எலி தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைப்பகுதியில் பழக்கப்படுத்தப்பட்ட தாவர உண்ணி ஆகும். இதன் 20 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த புல்லை நெடுநேரம் மெல்லும்போது அவை தேய்ந்து உரிய அளவில் நிற்கின்றன. புல் போதாவிடில் கடைவாய்ப் பற்கள் மிகுதியாக வளர்ந்து, நாக்கையும் கன்னத்தையும் குத்தி, உண்ண முடியாத நிலையை உண்டாக்கும்.

நார்ப்பொருள் பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பெருங்குடல்வாயில் நுண்ணுயிர்களால் நொதிக்கப்படுகிறது. உணவு தடைப்பட்டால் குடல் இயக்கம் குன்றிவிடும். எனவே உலர்புல் இரவும் பகலும் கூண்டில் இருத்தல் வேண்டும். ஒரு நாள் உண்ணாமல் இருந்தாலே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வைக்கோலும் உலர்புல்லும்

ஒத்தக்கடை யானைமலையின் அடிவாரத்தில், மதுரை - மேலூர் சாலையில் அமைந்துள்ளது. 1965-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இங்குள்ளது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்ட பின், பெரியாற்று நீரைப் பெற்ற மதுரை, மேலூர் பகுதிகளில் நெல் சாகுபடி விரிவடைந்தது. அறுவடைக்குப் பின் கிடைக்கும் வைக்கோல், படப்புகளாக அடுக்கப்பட்டு மாடுகளுக்குத் தீவனமாகிறது.

முற்றிய பயிரின் சத்து பெரும்பாலும் நெல்மணிக்குச் சென்றுவிடுவதால் வைக்கோலில் புரதம் ஏறத்தாழ 3 முதல் 5 விழுக்காடே உள்ளது. மணல்சத்து எனப்படும் சிலிக்காவும் இதில் மிகுதி. பூக்கும் முன்போ பூக்கத் தொடங்கும்போதோ அறுத்து உலர்த்திய நல்ல புல்லில் புரதம் பொதுவாக இதைப்போல் இரு மடங்குக்கு மேல் இருக்கும். மாடுகளுக்காக யூரியா தெளித்து ஊட்டமேற்றிய வைக்கோலைக் கினி எலிகளுக்குக் கொடுத்தல் கூடாது.

ஏற்ற புல் வகைகள்

மேலை நாடுகளில் பயன்படும் திமோத்தி புல் குளிர்ந்த தட்பவெப்பத்திற்குரியது. மதுரைச் சமவெளியில் விளைவதில்லை. இங்கு கிடைப்பவற்றின் இயல்புகள் வருமாறு:

- அருகம்புல்: மென்மையானது, விரைவில் உலரும். வரப்புகளில் அறுப்பதாயின் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி தெளிக்கப்படாத இடமாக இருத்தல் வேண்டும்.
- கொழுக்கட்டைப் புல்: வறட்சியைத் தாங்கி மானாவாரி நிலங்களில் வளரும். கதிரில் சுணைகள் உள்ளதால் கதிர் வரும் முன் அறுத்தல் நன்று.
- கினியாப் புல்: இலை மிகுந்தது. இளம் பருவத்தில் அறுத்தால் நன்கு உலரும்.
- கம்பு நேப்பியர்: தண்டு தடிமனானது. வெளியே உலர்ந்து தோன்றினும் உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கக்கூடும்.
- குதிரைமசால், கடலைக்கொடி: பயறு வகைத் தாவரங்களாதலால் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வளர்ந்த விலங்குகளுக்கு இவை சிறுநீர்ப்பைக் கல் உண்டாக வழி செய்யும். குட்டிகளுக்கும் சினையுற்றவற்றிற்கும் சிறிதளவு கொடுக்கலாம்.

தேர்ந்தெடுக்கும் முறை

நல்ல உலர்புல் வெளிர்பச்சை நிறமும் இனிய புல் மணமும் உடையது; தண்டைவிட இலை மிகுந்திருக்கும். முறுக்கினால் தண்டில் ஈரம் கசியாது. ஈரப்பதம் 15 விழுக்காட்டிற்குக் குறைவாக இருந்தால் பூசணமின்றிச் சேமிக்கலாம். கைப்பிடிப் புல்லை உதறும்போது தூசி கிளம்பினாலோ, கறுப்பு, வெண்ணிறப் படலம் தெரிந்தாலோ, புழுங்கிய வாடை வீசினாலோ அதைத் தவிர்த்தல் வேண்டும். பூசணங்களில் சில உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு கினி எலியின் ஈரலைத் தாக்கும். பார்த்தீனியம் முதலிய களைகளும் ஊசிமுனை கொண்ட புல்விதைகளும் கலந்திருக்கக் கூடாது.

புல்லைப் பனி உலர்ந்த பின் அறுத்து, மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி புரட்டிவிட வேண்டும். இறுதியில் நிழலில் உலர்த்தினால் பசுமை நிலைக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் திசம்பர் வரையான மாதங்கள் இதற்கு ஏற்றவையல்ல. உலர்ந்த புல்லைத் தரையில் படாமல், காற்றோட்டமாகவும் எலிகள் அணுகாதவாறும் வைக்க வேண்டும். எலியின் சிறுநீர் எலிக்காய்ச்சலைப் பரப்பக்கூடியது.

படுக்கை

கினி எலி தன் படுக்கையையும் கொறிக்கும் இயல்புடையது. ஆகவே உண்ணத் தகாத பூசணம் பிடித்த புல் படுக்கைக்கும் தகாது. வைக்கோல் சிறுநீரைக் குறைவாகவே உறிஞ்சும். அடியில் தாள் விரித்து, நனைந்த பகுதியை நாள்தோறும் அகற்றினால் அம்மோனியா நெடி சேராது. வைக்கோலின் விறைத்த முனைகள் கண்ணைக் குத்தக்கூடும் என்பதால் மேலே மென்மையான புல்லைப் பரப்புதல் நன்று. கினி எலி 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தாங்காது. மதுரையின் கோடை மாதங்களில் தடித்த படுக்கையைத் தவிர்த்து, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் கூண்டை வைத்தல் வேண்டும்.

உலர்புல்லின் குறைபாடு

மனிதரைப் போலவே கினி எலியின் உடலும் உயிர்ச்சத்து சி-யை உருவாக்குவதில்லை. 1907-இல் நார்வே நாட்டு ஆய்வாளர்களான ஆக்செல் ஓல்சுட்டும் தியோடர் ஃபிரோலிக்கும், தானிய உணவு மட்டும் கொடுக்கப்பட்ட கினி எலிகளுக்குச் சொறிகரப்பான் நோய் (ஸ்கர்வி) வருவதைக் கண்டறிந்தனர். புல் உலரும்போது இவ்வுயிர்ச்சத்தின் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. ஆதலால் எவ்வளவு சிறந்த உலர்புல்லாயினும், அதனுடன் பச்சைப் புல், குடைமிளகாய், கொத்தமல்லித் தழை, சிறு துண்டு கொய்யா அல்லது நெல்லிக்காய் போன்றவற்றுள் ஏதேனும் நாள்தோறும் கொடுத்தல் இன்றியமையாதது.