‘ஹிம்’ எப்போது ‘ஹிம்ஸெல்ஃப்’ ஆயிற்று?

பள்ளி நாளில் ஒரு மொழிபெயர்ப்புப் பயிற்சி. ‘அவன் குடையைத் தன்னோடு எடுத்துச் சென்றான்.’ நான் ‘வித் ஹிம்’ என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் ‘வித் ஹிம்ஸெல்ஃப்’ என்று திருத்தினார். ‘தன்’ வந்தால் ‘ஸெல்ஃப்’ வரவேண்டும் என்பது அவர் விதி. அந்த விதிக்கு ஒரு வரலாறு உண்டென்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தேன்.

ஜெர்மன் மொழியில் ‘ஸிஷ்’ என்னும் தற்சுட்டுப் பெயர் இன்றும் வழங்குகிறது. அதன் உறவுமொழியான பழைய ஆங்கிலமோ அத்தகைய சொல்லை இழந்திருந்தது. ஆகவே, ‘அவன் அவனைக் கொன்றான்’ என்னும் அமைப்பில் ஒரு வாக்கியம் வந்தால், அது கொலையா தற்கொலையா என்பதை இடம் நோக்கியே உணரவேண்டும். ‘ஸெல்ஃப்’ அன்று தனிச்சொல். ‘அரசனே வந்தான்’ என்பதிலுள்ள ஏகாரம்போல் அழுத்தம் தருவதே அதன் முதன்மையான பணி. அழுத்தத்திலிருந்து தற்சுட்டுக்கு அதிகத் தொலைவில்லை. ‘அவன்தான்’, ‘தன்னை’ இரண்டையும் வழங்கும் நமக்கு இது வியப்பன்று.

ஐயம் நீக்க அருகில் வந்து நின்ற அச்சொல், 1150க்குப் பிந்தைய இடைக்கால ஆங்கிலத்தில் மெல்ல மெல்லப் பிரதிப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1400இல் மறைந்த சாஸர் இருவகை வழக்கையும் கையாண்டார். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்திலும் ‘ஸெல்ஃப்’ இல்லாத பழைய வழக்கு உண்டு. ஒட்டிய தையலும் சீரானதன்று: ‘ஹிம்ஸெல்ஃப்’ என்பதில் இருப்பது ‘அவனை’, ‘மைஸெல்ஃப்’ என்பதிலோ ‘என்னுடைய’. ‘ஸெல்ஃப்’ என்பதைப் பெயர்ச்சொல்லாகக் கொண்டதன் தடம் அது.

செயல் செய்தவனையே நேரே சென்று சேரும் இடங்களைப் புதுவழக்கு பெரிதும் கைப்பற்றியது. இடமும் உடனிருத்தலும் குறிக்கும் சொற்களின் பின்னே பழையது நிலைத்தது. ‘ஹி லுக்ட் பிஹைண்ட் ஹிம்’, ‘ஷி டுக் ஹர் அம்ப்ரெல்லா வித் ஹர்’ என்பன இன்றும் இயல்பான ஆங்கிலம். குடையை வேறொருவரோடு எடுத்துச் சென்றதாக எவரும் மயங்குவதில்லை. மயக்கம் இல்லாத இடத்தில் ‘ஸெல்ஃப்’ தேவைப்படவுமில்லை.

நாம் விதிவிலக்கு என்று மனனம் செய்பவற்றுள் சில, விதிக்கும் மூத்தவை. அன்று நான் எழுதியது பிழையன்று; ஆசிரியர் திருத்தியது தமிழின் ‘தன்’னைக் கொண்டு ஆங்கிலத்தை. மாணவர் தாளில் சிவப்புக் கோடிடும்போதெல்லாம் அந்தக் குடை என் நினைவுக்கு வருகிறது. பேனா சற்றே தயங்குகிறது.