வன்னியில் முதுவிலங்குப் பேணல்

விலங்கின் பிணி தீர்த்தலையும் அரசின் கடனெனக் கொண்டவன் அசோகன். கி. மு. 3ஆம் நூற்றாண்டுக்குரிய அவனது இரண்டாம் பாறைச் சாசனம், மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்யப்பெற்ற தேயங்களுள் சோழ பாண்டிய நாடுகளோடு தாமிரபர்ணி எனப்பட்ட ஈழத்தையும் கூறுகின்றது.

ஆங்கிலராட்சியின் நோக்கு வேறாயிற்று. 1893ஆம் ஆண்டு விசர்நோய்க் கட்டளைச் சட்டம் கட்டாக்காலி நாய்களைக் கொல்ல வழிவகுத்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டமோ விலங்குகளைக் கொடுமைப்படுத்தலைக் குற்றமாக்கிற்று. 2006இல் நாய்க்கொலை நிறுத்தப்பட, தடுப்பூசியும் கருத்தடையும் முதன்மை பெற்றன.

வன்னி வேளாளன் வயலிலே பன்றிக்காவல் நாயினது. மனையிலே நெற்காவல் பூனையினது. 2008, 2009ஆம் ஆண்டுப் போரிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்கள் வெறுமையுற்றபோது, இவற்றுட் பல ஆளற்ற வளவுகளில் எஞ்சின. மீள்குடியேற்றத்தின் பின்னர் இயக்கச்சியிலே சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கெனக் காப்பகம் அமைத்தமை போற்றற்குரியது.

எனினும், காப்பகம் மனைக்கு ஈடாகாது. பல்லிழந்த நாய்க்குக் குழைந்த சோறும் மீனும், மூட்டு நொந்ததற்கு ஈரமற்ற படுக்கையும் வேண்டும். பூனை சோற்றால் மட்டும் வாழாது. மீனோ இறைச்சியோ இன்றியமையாதது. முதுமையிற் சிறுநீரகம் தளர்தலின், நீர் எப்பொழுதும் அருகிருத்தல் வேண்டும்.

உடன்வந்த நாயை விடுத்துச் சுவர்க்கம் புகத் தருமர் மறுத்தமை பாரதம் கூறுவது. கொலையைத் தடுத்தல் சட்டத்தால் இயலும். காவல்செய்து தளர்ந்த உயிரை இறுதிவரை பேணுதல் இல்லறத்தார் கடனேயாம்.