ஜவளகிரியில் இரு சட்டங்கள்: மொழி, இடஒதுக்கீடு, நடுநிலை

தளியிலிருந்து செல்லும் சாலை ஜவளகிரியை அடையும்போது தமிழகம் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. காட்டைத் தாண்டினால் கர்நாடகம். பன்னேருகட்டா வனத்திலிருந்து இறங்கும் யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் இவ்வழியே வந்து திரும்புகின்றன. அவை எந்த மாநிலத்தின் பாடத்திட்டத்தையும் பொருட்படுத்துவதில்லை. மனிதர்க்கு அந்தச் சலுகை கிடையாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கின்றன. எனினும் பள்ளி வாசலில் நுழையும் குழந்தைக்கு அவற்றுள் எது முதல், எது நான்காவது என்பதை வீடு தீர்மானிப்பதில்லை, சட்டம் தீர்மானிக்கிறது.

2002ஆம் ஆண்டு டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, மொழிச் சிறுபான்மையானாலும் மதச் சிறுபான்மையானாலும் மாநிலத்தையே அலகாகக் கொண்டு கணிக்கப்பட வேண்டும் என்று கூறிற்று. இதன் விளைவை எல்லைப்புறத்தில் வாழ்பவரே முழுமையாக உணர முடியும். கன்னடம் பேசும் குடும்பம் ஆனேக்கல்லில் பெரும்பான்மை. சில கல் தொலைவு கிழக்கே குடிபெயர்ந்தால் சிறுபான்மை. தமிழ்க் குடும்பத்திற்கு இதே கணக்கு தலைகீழாகப் பொருந்தும். உருது பேசும் முஸ்லிம் குடும்பமோ எல்லையின் எந்தப் பக்கத்திலும் பெரும்பான்மை ஆவதில்லை. ஆகவே இரு மாநிலங்களின் சட்டங்களையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க விரும்புவோர்க்கு அக்குடும்பத்தின் அனுபவம் மற்றெதனினும் பயன்தரும் சான்றாகும்.

இம்மக்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் இந்நிலம் மைசூர் அரசைச் சார்ந்திருந்தது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியாரிடம் சென்றது. பாலகாட் என்றழைக்கப்பட்ட ஓசூர் மேட்டுநிலம் 1799இல் திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் சேலம் மாவட்டத்துடன் இணைந்தது. 1965இல் தருமபுரி மாவட்டம், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் எனப் பெயர்கள் மாறின. அண்மைக் காலத்தில் தொழிற்பேட்டைகள் பல மாநிலத்தவரையும் ஓசூருக்கு ஈர்த்துள்ளன என்பது உண்மையே. ஆயினும் பன்மொழிச் சூழல் தொழிற்சாலைகளோடு வந்ததன்று. அவற்றுக்கு மிக முற்பட்டது.

நடுநிலை பற்றிய வாதம் எழும்போதெல்லாம் நம்மிற் பலர் 1951இலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளை அறியாமல் பிந்தியதை விளங்கிக்கொள்ள இயலாது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் பிறந்த வகுப்புவாரி அரசாணை, டாக்டர் சுப்பராயன் அமைச்சரவையில் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் நடைமுறை வடிவம் பெற்றது. பன்னிரண்டு பணியிடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பிராமணர்க்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் சேர்ந்து இரண்டு, ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு ஒன்று என்பது அன்றைய பங்கீடு. 1947இல் அதைத் திருத்தியபோது பதினான்கு இடங்களில் முஸ்லிம்களுக்கு ஒன்று என்றாயிற்று. ஆறில் ஒரு பங்கு பதினான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கென இரண்டு இடங்கள் புதிதாகப் பிரிக்கப்பட்டதும், ஒடுக்கப்பட்டோர் பங்கு இரண்டாக உயர்ந்ததும் அத்திருத்தத்தின் நியாயமான பகுதிகள். அவற்றுக்கான விலையின் ஒரு பகுதி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் வரலாற்றாசிரியன் குறித்துத்தான் ஆகவேண்டும்.

எல்லைக்கு அப்பால் மைசூர் சமஸ்தானம் இன்னொரு வழியில் சென்றது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1918இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். பிராமணர், ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பின்தங்கிய சமூகத்தார் என்று கருதப்பட்டனர். முஸ்லிம்களும் அவர்களுள் அடங்கினர். சென்னை மாகாணத்தில் முஸ்லிம் ஒரு பங்காளி. மைசூரில் அவர் பின்தங்கியோருள் ஒருவர். இரண்டுக்கும் இடையிலான இவ்வேறுபாடு பின்னர் பெரும் விளைவுகளை ஏற்படுத்திற்று.

1951 ஏப்ரல் 9ஆம் நாள் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்சநீதிமன்றம் வகுப்புவாரி அரசாணையைச் செல்லாததாக்கியது. மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்த அப்பெண்மணி, உண்மையில் விண்ணப்பமே செய்யவில்லை என்பதைத் தீர்ப்பே பதிவுசெய்திருக்கிறது. ஆயினும் நீதிமன்றம் அதைத் தடையாகக் கொள்ளவில்லை. அரசியல் சாசனத்தின் 29(2) பிரிவு மதம், சாதி காரணமாக மட்டும் கல்விக்கூட அனுமதியை மறுப்பதைத் தடுக்கிறது என்பதே தீர்ப்பின் அடிப்படை. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் பயனாக அதே ஆண்டு ஜூனில் முதல் சாசனத் திருத்தம் வந்து 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. ஆனால் திரும்பி வந்தது பழைய ஏற்பாடு அன்று. சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினர் என்ற புதிய அளவுகோலே வந்தது. நேற்றுவரை தம் விகிதத்தைக் கேட்டவர் இன்றுமுதல் தம் பின்தங்கிய நிலையை மெய்ப்பிக்க வேண்டியவரானார். அத்தீர்ப்பைச் சாதிச் சார்பு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. சாசனத்தின் சொற்களை நேர்பொருளில் வாசித்த தீர்ப்பு அது. யாருடைய முன்னேற்றத்தை எங்கிருந்து தொடங்கிக் கணக்கிடுவது என்ற வினாவை அச்சொற்கள் எழுப்பவில்லை, நீதிமன்றமும் எழுப்பவில்லை. பாரபட்சம் பெரும்பாலும் இவ்வாறுதான் நிகழ்கிறது, யாரும் வஞ்சகம் செய்யாமலே.

இனி மொழிக்கு வருவோம். 1938இல் சென்னை மாகாணத்தில் 125 பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கிய முதலமைச்சர் இராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். நான்கு மொழிகள் கலந்த மண்ணில் பிறந்தவரே ஒரு மொழியைக் கட்டாயமாக்கினார் என்பது விந்தைதான். 1940 பிப்ரவரியில் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் சட்டமன்றத்தில் எதிர்த்துப் பேசியோருள் முஸ்லிம் லீகைச் சேர்ந்த பி. கலிபுல்லா குறிப்பிடத்தக்கவர். இராவுத்தராகிய தம் தாய்மொழி உருது அன்று, தமிழே என்று அவர் வெளிப்படையாக உரைத்தார். முஸ்லிம் என்றாலே உருது என்ற எண்ணம் ஆட்சியாளரிடம் மட்டுமன்றி வடபுலத்து முஸ்லிம் தலைவர்களிடமும் ஊறியிருந்த காலம் அது. தமிழ் முஸ்லிம்களின் பெருமைக்குரிய பக்கம் இது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பெருமைக்கு ஒரு நிழலும் உண்டு. தமிழை உரிமையோடு பற்றிக்கொண்ட நாம், கிருஷ்ணகிரியிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருதைத் தாய்மொழியாகக் கொண்டு வாழும் நம் சகோதரர்களின் மொழிச் சிக்கலை அவர்களுடைய சொந்த விவகாரம் என்று விட்டுவிட்டோம். அவர்களும் நம்மை லெப்பைகள் என்று சற்றே தள்ளிவைத்தே பேசினர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பின் மொழிச் சிறுபான்மையினர்க்கான முதல் நடைமுறை விதி 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் உருவாயிற்று. ஒரு வகுப்பில் பத்து அல்லது ஒரு பள்ளியில் நாற்பது மாணவர் இருந்தால் தொடக்கநிலையில் தாய்மொழியில் கற்பிக்க ஆசிரியர் அமர்த்த வேண்டும் என்பது அவ்விதி. நீதிபதி பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் அறிக்கையை அடுத்து, 1956இல் சாசனத்தில் 350ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று அது பணிக்கிறது. சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்விக்கூடங்களை நிறுவி நடத்தும் உரிமை 30ஆம் பிரிவில் முன்னரே இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 2006ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 2006-07இல் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டுமாறு அது அமைந்தது. முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி ஏனைய பாடங்கள், நான்காம் பகுதியில் தமிழோ ஆங்கிலமோ தாய்மொழி அல்லாதவர் தம் மொழியை விருப்பப் பாடமாகப் படிக்கலாம் என்பது அதன் ஏற்பாடு.

இச்சட்டத்தின் நோக்கத்தைக் குறைகூற எனக்கு மனம் இல்லை. தமிழகத்தில் பிறந்து வளரும் ஒருவர் பத்தாண்டு பள்ளியில் பயின்றும் தமிழில் ஒரு மனு எழுத இயலாதவராக வெளிவருவது அவருக்கே தீங்கு. ஓசூர்த் தொழிற்சாலை வேலைக்கும் அரசுத் தேர்வுக்கும் தமிழ் வேண்டும். சட்ட நிலையிலும் இது உறுதியான கருத்தே: மராட்டியத்தில் குஜராத்தி மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளில் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கியது செல்லும் என்று உச்சநீதிமன்றம் உஷா மேத்தா வழக்கில் 2004இல் தீர்ப்பளித்திருந்தது. சிக்கல் தமிழைக் கற்பிப்பதில் இல்லை. தாய்மொழி முதலிடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு இறங்கியதில்தான் இருக்கிறது. மதிப்பெண் கணக்கில் அன்று சேராதிருந்த விருப்பப் பாடத்தை எந்த மாணவன் ஊன்றிப் படித்திருப்பான்? எந்தப் பள்ளி அதற்கு ஆசிரியரை அமர்த்தியிருக்கும்? பள்ளிகளில் உருதும் கன்னடமும் தெலுங்கும் தடைசெய்யப்படவில்லை. ஆனால் அவற்றைப் படிப்பதற்கான காரணம் நீக்கப்பட்டது. மறுபுறம், பல சிறுபான்மை மொழிப் பள்ளிகளுக்குத் தமிழாசிரியர் வந்து சேரவில்லை என்ற முறையீடும் இருந்தது. கற்பிக்க ஆளனுப்பாமல் தேர்வு எழுதச் சொல்வதை எந்த மொழிப்பற்றாலும் நியாயப்படுத்த முடியாது. 2016 பொதுத்தேர்வு நெருங்கியபோது வழக்குகள் உயர்நீதிமன்றத்தை அடைந்தன, விலக்கு அளிக்கப்பட்டது. பின்னரும் அது நீட்டிக்கப்பட்டு வந்தது. 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் மேலும் ஓராண்டு நீட்டித்தது. ஒவ்வோர் ஆண்டும் தேர்வுக்குச் சில வாரங்கள் முன்புவரை, தான் எந்தத் தாளை எழுதப்போகிறோம் என்று அறியாத மாணவனின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்.

அக்கரையிலும் இதே கதை, பாத்திரங்கள் இடம்மாறி நடந்தது. வி.கி. கோகாக் குழுவின் பரிந்துரையை நிறைவேற்றக் கோரி எண்பதுகளின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே முதல் மொழி என்பது கோரிக்கை. பெங்களூர்த் தமிழரும் உருது முஸ்லிம்களும் அன்று ஒரே அணியில் நின்று எதிர்த்தனர். 1989இல் கர்நாடக உயர்நீதிமன்ற முழு அமர்வு, தொடக்க நிலையிலிருந்தே கன்னடத்தைச் சிறுபான்மையினர்மீது திணிக்க இயலாது என்றது. பயிற்றுமொழியை அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று 2014 மே மாதத்தில் ஐந்து நீதிபதிகள் அமர்வு மற்றொரு கர்நாடக வழக்கில் முடிவுசெய்தது. 2015இல் கர்நாடகம் இயற்றிய கன்னட மொழி கற்றல் சட்டமோ, கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்கலாம் என்று இடம்விட்டது. பெங்களூர்த் தமிழ்க் குழந்தைக்காக அன்று தமிழகத்தில் எழுந்த குரல்கள், ஓசூர் உருதுக் குழந்தைக்காகவும் தேன்கனிக்கோட்டைக் கன்னடக் குழந்தைக்காகவும் அதே உரத்தில் எழவில்லை. கன்னட அமைப்புகளும் ஓசூர்க் கன்னடப் பள்ளிகளுக்காக உருகிய அளவுக்குப் பெங்களூர்த் தமிழ்ப் பள்ளிகளுக்காக உருகவில்லை. அரசியல் சார்பை அளக்க இதைவிட நேரான அளவுகோல் வேறு தேவையில்லை.

தமிழ் கற்றல் சட்டம் வந்த மறுஆண்டே அதே சட்டமன்றம் வேறொரு சட்டத்தை இயற்றிற்று. 2007 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து பின் சட்டமான அது, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு அளித்தது. கிறித்தவர்க்கும் அதே அளவு தரப்பட்டு, அவர்கள் விருப்பப்படி மறுஆண்டே திரும்பப் பெறப்பட்டது. முஸ்லிம் பட்டியலில் ஏழு பிரிவினர்: அன்சார், தக்கணி முஸ்லிம், துதேகுலா, லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையது. இராவுத்தரும் மரைக்காயரும் லெப்பையுள் அடங்குவர். அவ்விடத்தில் பேச்சுமொழி தமிழாயினும் உருதாயினும் என்ற ஒரு தொடர் உண்டு. அரசாணைகளில் இத்துணைப் பொருள் பொதிந்த தொடர்களைக் காண்பது அரிது. சமூக நீதிக்குரிய சட்டம் அம்மாணவனின் மொழியைப் பாராமல் அவனை ஏற்றுக்கொண்டது. கல்விக்குரிய சட்டம் அவன் மொழியைக் கண்டும் நான்காம் இடத்தில் அமர்த்தியது. இரண்டும் ஓராண்டு இடைவெளியில் ஒரே கோட்டையிலிருந்து பிறந்தவை.

சச்சார் குழு 2006இல் பயன்படுத்திய 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரி 73.5. இந்த எண்ணைக் காட்டி, இங்கே முஸ்லிம்களுக்கு ஒதுக்கீடு எதற்கு என்று கேட்டோர் உண்டு. எழுத்தறிவு வேறு, கல்லூரி இருக்கை வேறு, அரசுப் பணி வேறு என்பது முதல் விடை. கடற்கரை வணிகக் குடும்பங்களும் எல்லைப்புறக் கூலித் தொழிலாளரும் ஒரே சராசரியில் கரைந்துபோகின்றனர் என்பது இரண்டாவது.

கர்நாடகத்தில் முஸ்லிம்களுக்கான 4 விழுக்காடு 1995 முதல் 2பி என்ற தனிப் பிரிவாக நடைமுறையில் இருந்தது. 2023 மார்ச்சில், தேர்தல் நெருங்கிய வேளையில், அன்றைய அரசு அதை நீக்கி லிங்காயத்துக்கும் ஒக்கலிகர்க்கும் இரண்டிரண்டாகப் பகிர்ந்தளித்தது. மறுமாதமே அம்முடிவின் அடித்தளம் ஆட்டங்காண்பதாக உச்சநீதிமன்றம் கருத்துரைக்க, ஆணை நடைமுறைக்கு வராமல் நின்றது. மத அடிப்படையில் ஒதுக்கீடு கூடாது என்பது அரசு சொன்ன காரணம். மில்லர் குழு முதல் அவ்வூரில் முஸ்லிம்கள் பின்தங்கியோர் என்ற நிலையிலேயே சேர்க்கப்பட்டு வந்தனர் என்ற நூற்றாண்டுப் பதிவை அக்காரணம் கண்டுகொள்ளவில்லை. மேற்கில் இவ்வாறாக, வடக்கே ஆந்திர எல்லையில் 4 விழுக்காட்டுச் சட்டம் 2010இல் உயர்நீதிமன்றத்தால் நீக்கப்பட்டு, உச்சநீதிமன்ற இடைக்கால ஆணையால் உயிர்த்திருந்தது. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் மாவட்டத்தில், ஒரே தக்கணிப் பேச்சுவழக்கைப் பேசும் மூன்று மாணவர்க்கு மூன்று விதமான சட்ட நிலை.

தமிழ் கற்றல் சட்டத்தை அகற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நான்காம் பகுதியின் மதிப்பெண்ணுக்கு உரிய மதிப்பு கிடைக்கவேண்டும். உருதுப் பள்ளிகளுக்குத் தமிழாசிரியர் பணியிடம் முதலில் நிரப்பப்பட்டு, அதன் பின்னரே தேர்வு கட்டாயமாக வேண்டும். 1949ஆம் ஆண்டின் பத்து, நாற்பது என்ற எண்கள் இன்றும் நல்ல தொடக்கமே. ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டங்களின் ஒவ்வொரு பள்ளி வருகைப் பதிவேட்டிலும் அந்த எண்கள் எட்டப்படுகின்றனவா என்பதை 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பத்தில் கேட்டுவிடலாம். ஜமாஅத்துகள் அவ்விண்ணப்பத்தை உருதுக்காக மட்டும் எழுதாமல் கன்னடத்தையும் தெலுங்கையும் சேர்த்தே எழுதலாம்.