மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு: பெண்களின் அமைப்புப் பணியும் நீதிமன்றத் தீர்ப்பும்

1955 டிசம்பர் 1 அன்று அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரப் பேருந்தில், வெள்ளையருக்காக இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். அவரை வேலைக் களைப்பால் எழ மறுத்த தையற்காரப் பெண்ணாகவும், தொடர்ந்த புறக்கணிப்பைத் தன்னெழுச்சியாகவும் சித்தரிக்கும் கதை இன்றும் வழங்குகிறது. அது கறுப்பினப் பெண்களின் பல்லாண்டு உழைப்பை மறைக்கிறது. 381 நாள் நீடித்த அப்போராட்டத்தின் திட்டம், நடைமுறை, வழக்கு ஆகிய மூன்றையும் தாங்கியது அவ்வுழைப்பே என்பது இக்கட்டுரையின் வாதம்.

காலவரிசையே முதற்சான்று. 1946இல் மேரி ஃபேர் பர்க்ஸ் பெண்கள் அரசியல் மன்றத்தை நிறுவினார். பின்னர் அதன் தலைவரான ஆங்கிலப் பேராசிரியை ஜோ ஆன் ராபின்சன் 1954 மே 21 அன்று நகர மேயருக்குக் கடிதம் எழுதினார். பயணிகளில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். அவர்கள் ஏறாவிட்டால் பேருந்துகள் ஓடா என்று அதில் எச்சரித்தார். பார்க்ஸும் கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளர். 1955 கோடையில் டென்னசியின் ஹைலேண்டர் பள்ளியில் பயிற்சி பெற்றவர். அவர் கைதான இரவே ராபின்சனால் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை உருட்டச்சில் எடுக்க முடிந்ததென்றால், அதற்கான திட்டம் முன்பே முதிர்ந்திருந்தது.

போராட்டத்தை நாள்தோறும் தாங்கியோரும் பெரும்பாலும் பெண்களே. வெள்ளையர் வீடுகளில் வேலைசெய்தோர் நடந்தும், பகிர்வுக் கார்களிலும் சென்றனர். ஜார்ஜியா கில்மோர் பெண்களைத் திரட்டி, சமைத்த உணவை விற்று நிதி சேர்த்தார்.

பேருந்துகளில் பாகுபாட்டை முடித்தது உச்ச நீதிமன்றத் தீர்ப்பே, புறக்கணிப்பு அன்று என்பது வலுவான மறுப்பு. ஆனால் தொடக்கத்தில் போராட்டக் குழு பிரிவினையை ஒழிக்கக் கோரவில்லை. மரியாதையான நடத்தை, கறுப்பின ஓட்டுநர் நியமனம், கறுப்பினத்தவர் பின்னிருந்தும் வெள்ளையர் முன்னிருந்தும் வந்த வரிசையில் அமர்தல் ஆகியவற்றையே கேட்டது. நகர நிர்வாகம் அதற்கும் இணங்காததாலும், போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் வீடு குண்டுவீச்சுக்கு உள்ளானதாலும், 1956 பிப்ரவரி 1 அன்று பிரிவினைச் சட்டத்தையே எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. கோரிக்கையைச் சீர்திருத்தத்திலிருந்து ஒழிப்புக்கு நகர்த்தியது போராட்ட அனுபவமே. வழக்கை இறுதிவரை நடத்திய நால்வரும் பெண்கள்: அரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், 1955 மார்ச்சில் 15 வயதில் கைதான க்ளாடெட் கால்வின். 1956 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமான கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. அதே நாளில் மாநில நீதிமன்றமொன்று கார்ப் பகிர்வைத் தடைசெய்தது. நீதிமன்றம் தானாக நீதியின் பக்கம் நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கிங்கின் தலைமையை இவ்வாதம் குறைத்து மதிப்பிடவில்லை. 26 வயதில் அவர் ஏற்ற பொறுப்புக்குத் தயாரான களம் இருந்தது. அதை உருவாக்கியவர்களை வரலாற்றின் ஓரத்தில் நிறுத்துவது அநீதி. மேடைப் பேச்சுகளோடு கடிதம், துண்டறிக்கை, நிதிக்கணக்கு, வழக்குரை ஆகியவற்றையும் முதன்மைச் சான்றுகளாக ஏற்கும் ஆய்வே குடிமை உரிமைப் போராட்டத்தின் வெற்றியை முழுமையாக விளக்கும்.