சேர்வராயன் மலையும் ஒரு கம்பியும்

அயோத்தியாப்பட்டணம் போனால், கோதண்டராமரைச் சேவித்துவிட்டு வெளியே வந்து வடக்கே பாருங்கள். சேர்வராயன் மலை! அதன் உச்சியில், ஏற்காட்டுப் பக்கம், பாக்சைட் என்றொரு மண் உண்டு. காய்ந்த கட்டியில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தால், ஊஹூம், அசையாது. ஆனால், கரன்ட் கம்பிக்கான அலுமினியம் அதிலிருந்துதான் வருகிறது. எப்படி?

1729-ல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே என்றொரு சாயத் தொழிலாளி. வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. ஜாகை, லண்டனில் ஓர் ஆதரவற்றோர் இல்லம். கண்ணாடிக் குழாயைத் தேய்த்து, அதில் பிறக்கும் மின்சாரத்தை நீளமான சணல் கயிறு வழியே அனுப்புவதுதான் அவருடைய பித்து. (சணல் எப்படிக் கடத்தியது என்கிறீர்களா? அதிலிருந்த ஈரம்!) கயிற்றைத் தொங்கவிட, மெல்லிசான பட்டு நூலைக் கட்டச் சொன்னார் நண்பர் வீலர். மெல்லிசாக இருந்தால் மின்சாரம் கசியாதாம். பலித்தது. ஒருநாள் கனம் தாங்காமல் பட்டு அறுந்துபோக, மெல்லிசான பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். குழாயைத் தேய் தேய் என்று தேய்த்தும் மறுமுனையில் ஒன்றும் நடக்கவில்லை. அத்தனையும் பித்தளை வழியே நழுவிவிட்டது! பருமன் அல்ல, பொருள்தான் விஷயம் என்று கிரேவுக்குப் புரிந்தது அப்போதுதான்.

ஏன் என்று புரிய, 1897-ல் தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உலோகத்தில் வெளிவட்ட எலெக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல், ஊர்ப் பொதுச்சொத்து மாதிரி திரிகின்றன. பட்டில் எல்லாம் கட்டிப்போட்டவை.

பாக்சைட்டிலும் அதே கதை. அலுமினியம் உள்ளேதான் இருக்கிறது. அதன் மூன்று எலெக்ட்ரான்களையும் ஆக்சிஜன் பிடுங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. லேசில் விடாது. கிலோவுக்குச் சுமார் 15 யூனிட் மின்சாரம் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். வழி சொன்னவர்கள் அமெரிக்காவில் ஹால், பிரான்ஸில் ஹெரூல்ட். தனித்தனியாக, ஒரே வருஷம், 1886-ல்!

மேட்டூரில் 1934-லேயே அணை வந்துவிட்டது. 1965-ல் அங்கே மால்கோ அலுமினியம் எடுக்கத் தொடங்கியது. ஏற்காட்டு மண்ணும் கொல்லிமலை மண்ணும் அங்கே போயின. தாமிரம்தான் இன்னும் நன்றாகக் கடத்தும். ஆனால், எடைக்கு எடை பார்த்தால் அலுமினியம் இரண்டு மடங்கு கடத்தும். கோபுரத்துக்குக் கோபுரம் தொங்குகிற கம்பிக்கு அதுதானே தேவை?

2008-ல் மேட்டூர் உலை நின்றது. ஆக்சிஜனோ விட்டபாடில்லை. காற்றுப் பட்டதுமே அலுமினியத்தின் மேல் மறுபடி மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. லைன்மேன் இணைப்புப் போடும் முன் கம்பியைச் சுரண்டுகிறாரே, இதற்காகத்தான். சுரண்டாமல் முறுக்கிவிட்டால், இணைப்பு சூடேறி, ஒருநாள் கம்பி அறுந்து தெருவில் விழும்.