மூக்கும் புருவமும் வயிறும்

திருவண்ணாமலை இன்று அறியப்படுவது கார்த்திகைத் தீபத்தாலும் கிரிவலத்தாலும் ஆகும். பதினெட்டாம் நூற்றாண்டிலோ அது படைகள் மோதிக்கொண்ட ஊர். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் கூடி நடத்திவந்த படையைக் கர்னல் ஜோசப் ஸ்மித் இங்குதான் முறியடித்தார். பின்னர் மூன்றாம் மைசூர்ப் போரில், 1790 இறுதியில் ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்த திப்பு சுல்தானின் கைக்கு இவ்வூர் போயிற்று. அப்போரை எழுதியவர்கள் கோட்டைகளையும் உடன்படிக்கைகளையும் விரிவாக எழுதினர். அதே போரில் அறுபட்ட ஒரு மூக்கும் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. அழகுக்கான அறுவைச் சிகிச்சையைப் பற்றி இன்று நம் இல்லங்களிலும் பேச்சு எழுகின்றது. அப்பேச்சை அந்த மூக்கிலிருந்து தொடங்குவதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

மூக்கிழந்தவர் பெயர் கவாஸ்ஜி. ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய மராட்டியர். திப்புவின் ஆட்களிடம் சிறைப்பட்ட அவருடைய மூக்கையும் ஒரு கையையும் அறுத்து அனுப்பிவிட்டனர். ஓராண்டுக் காலம் மூக்கின்றி வாழ்ந்த அவருக்குப் புனே அருகே, செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புதிய மூக்கு வைத்தார். மெழுகால் மூக்கின் வடிவம் செய்து, அதை நெற்றியில் தட்டையாக விரித்து, அந்த அளவுக்குத் தோலைக் கீறி எடுத்தார். புருவங்களுக்கு நடுவே ஓர் இணைப்பை மட்டும் விட்டுவைத்துத் தோலைத் திருப்பிக் கீழே இறக்கிப் பொருத்தினார். தையல் போடவில்லை. காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணித்துண்டுகளில் தடவி ஒட்டினார். அந்த இணைப்பின் வழியே இரத்தம் ஓடியதால் தோல் சாகவில்லை. ஏறத்தாழ இருபத்தைந்து நாள் சென்றபின் அதை அறுத்துவிட்டார். பம்பாய் மாகாணத்து ஆங்கில மருத்துவர்கள் இருவர் இதை நேரில் கண்டனர். 1794 அக்டோபரில் இலண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் படத்துடன் செய்தி வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்னும் அறுவை மருத்துவர் பிணங்களில் பல ஆண்டுகள் பயின்று, 1814 அக்டோபரில் உயிருள்ள ஒருவருக்கு இதைச் செய்தார். 1816இல் நூலும் வெளியிட்டார். நெற்றித் தோலால் மூக்கமைப்பதற்கு இன்றளவும் ‘இந்திய முறை’ என்றே பெயர். சுசுருதரின் நூல் இக்கலைக்கு மிகப் பழைய சான்று. புனேயில் கத்தி பிடித்தவரின் பெயரை மட்டும் ஒருவரும் குறித்து வைக்கவில்லை. நம் நாட்டுக் கைவினைஞர் பலருக்கும் நேர்ந்த கதிதான் அது.

மூக்கை ஏன் அறுத்தனர்? உயிரை எடுக்காமலே ஒருவனை ஊரிலிருந்து விலக்கிவைக்க அது போதும். அவமானப்பட்டவனை ‘மூக்கறுபட்டான்’ என்று தமிழில் இன்றும் சொல்கிறோம். ஆகவே கவாஸ்ஜி திரும்பப் பெற்றதில் சுவாசம் சிறு பங்கே. பிறர் முகம் திருப்பாமல் தன்னோடு பேசும் நிலை அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

இதையே இன்னும் தெளிவாக நம் பக்கத்திலேயே காணலாம். திருவண்ணாமலை 1989 வரை வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. உலகிலேயே தொழுநோய் மிகுந்திருந்த பகுதிகளுள் அம்மாவட்டமும் ஒன்று. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறைகளை உருவாக்கினார். நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டும் முறை அது. விரல்கள் நிமிர்ந்தன. ஆனால் சிலர் குறையோடு திரும்பி வந்தனர். மடங்கிய கைக்குக் கிடைத்த பிச்சை நிமிர்ந்த கைக்குக் கிடைக்கவில்லை. வேலை கொடுப்பாரும் இல்லை. காரணம் முகத்தில் இருந்தது. புருவ மயிர் உதிர்ந்து, மூக்கு அமுங்கிய முகத்தைக் கண்டதும் ஊர் கதவடைத்தது. மருந்தால் நோய் அடங்கிய பின்னும் முகம் நோயை அறிவித்துக்கொண்டே இருந்தது.

எனவே வேலூரில் முகத்துக்கும் அறுவை செய்தனர். தலையின் பக்கவாட்டிலிருந்து மயிருள்ள தோல்கீற்றை அதன் இரத்தக் குழாயோடு எடுத்து, தோலுக்கடியில் வழி செய்து, புருவத்தின் இடத்தில் பதித்தனர். அது தலைமயிரே ஆதலால் கத்தரிக்காமல் விட்டால் நீண்டு வளரும். சிலர் மகிழ்ச்சி மிகுதியால் வளரவே விட்டனராம்! மூக்கில் செய்த வேலை புனேயில் செய்ததற்கு மாறானது. தொழுநோயில் வெளித்தோல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உள்ளே குருத்தெலும்பு அழிந்து, உட்புறச் சவ்வு சுருங்கித் தோலை இழுத்துக்கொள்ளும். அந்தச் சுருக்கத்தை விடுவித்து, அச்சு ஒன்றின்மேல் வைத்த தோலை உள்ளே பதித்தனர். இவற்றை அழகு சிகிச்சை என்று அழைக்க நமக்கு நா எழாது. எனினும், உடல்நலக் கணக்கில் மட்டும் பார்த்தால் புருவமின்றியும் மனிதர் வாழலாம்.

இனி வயிற்றுக்கு வருவோம். விளம்பரங்கள் ‘டம்மி டக்’ என்று கூறும் வயிற்றுச் சுருக்க அறுவை நேற்றுத் தோன்றியதன்று. 1899இல் பால்டிமோர் நகரில் ஹோவர்டு கெல்லி என்பவர், தொங்கிய வயிற்றின் கொழுப்பையும் தோலையும் குறுக்காக வெட்டியெடுத்ததைப் பதிவு செய்தார். நடப்பதற்கும் இடையூறாகத் தொங்கும் வயிற்றுக்கு நிவாரணமாகத் தொடங்கிய அம்முறையை, 1960களில் பிரேசிலின் இவோ பிட்டாங்கி போன்றோர் வடிவழகின் கலையாக்கினர். இன்று உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் பத்து இலட்சம் பேர் இதைச் செய்துகொள்கின்றனர். ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை அடிவயிற்றில் கீறி, தோலை விலா வரை உயர்த்தி, நடுவில் விலகிய தசைகளைத் தைத்து, மிகுந்த தோலை வெட்டி, தொப்புளுக்குப் புதுவழி செய்கின்றனர். வடு வாழ்நாள் முழுதும் இருக்கும்.

விலகிய தசை என்றேனே, அதைச் சற்று நின்று நோக்க வேண்டும். கருவைச் சுமக்கும்போது வயிற்றின் இரு நெடுந்தசைகளும் விலகுகின்றன. பலருக்கு அவை மாதங்களில் நெருங்கிவிடும்; சிலருக்கு நெருங்குவதில்லை. பிரசவித்தவள் வயிற்றில் நம் பாட்டிமார் பருத்திப் புடவையை இறுகக் கட்டியது, வயிறு சரியக்கூடாது என்ற கவலையால்தான். ஆகவே இக்கவலையை மேல்நாட்டு மோகம் என்று ஒதுக்குவதில் நியாயமில்லை. மூன்று பிள்ளைகளைச் சுமந்தவளின் வயிற்றைப் பார்த்து, இது எத்தனையாம் மாதம் என்று திருமண வீட்டில் கேட்பவர்களுக்கு அவளுடைய ஆசையைப் பழிக்கும் உரிமை ஏது?

ஆனால் விளம்பரங்கள் சொல்லாதவையும் உண்டு. இவ்வறுவை உடற்பருமனுக்கு மருந்தன்று. சர்க்கரை நோய்க்கும் இதயநோய்க்கும் துணைபோகும் கொழுப்பு குடலைச் சூழ்ந்து உள்ளே இருப்பது. கத்தி அங்கே செல்வதில்லை. காலில் உறையும் இரத்தக்கட்டி நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. அழகு அறுவைகளுள் இவ்வகை ஆபத்து கூடுதலாக உள்ளவற்றில் இதுவும் ஒன்று. புகைப்போருக்குக் காயம் ஆறத் தாமதமாகும். இனியும் பிள்ளை பெற விரும்புவோரைப் பொறுத்திருக்கும்படி நல்ல மருத்துவர்கள் கூறுவர்; அடுத்த கரு தைத்ததை மீண்டும் தளர்த்திவிடக்கூடும்.

திருச்சபை இதில் மௌனமாக இருந்ததில்லை. திருத்தந்தை 12-ஆம் பயஸ், 1958 அக்டோபர் 4ஆம் நாள், தாம் இறப்பதற்கு ஐந்து நாள் முன்னர், இத்தாலிய ஒட்டறுவை மருத்துவர்களிடம் இதைப் பற்றியே பேசினார். உடலழகு ஒரு நன்மையே, ஆயினும் உயர்ந்த நன்மைகளுக்குக் கீழ்ப்பட்டது என்றார். நோக்கம் நேரியதாகவும், உடல்நலத்துக்குப் பெரிய ஆபத்து இல்லாமலும், காரணம் தகுந்ததாகவும் இருந்தால் அழகு அறுவை தவறன்று என்றார். பிறரைக் கவர்ந்து கெடுப்பதற்கும், குற்றவாளி நீதிக்குத் தப்புவதற்கும் அதைப் பயன்படுத்துவதைக் கண்டித்தார். தடை விதிப்பார் என்று எதிர்பார்த்துப் படிப்போர் அவ்வுரையில் காணும் நிதானம் வியப்பளிக்கும்.

தகுந்த காரணம் எது என்பதில்தான் சிக்கல். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மார்பகச் சீரமைப்பையும் அழகு அறுவையையும் ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் பிரிவைத் தமிழக அரசு தொடங்கியது. அழகு சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக்கூடாது என்று அன்றைய நலவாழ்வு அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். உயிர்காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாத நிலையில் இது வேண்டுமா என்று பிறர் கேட்டனர். இரண்டாம் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் வேலூரின் புருவங்களைக் குறித்தும் அப்படிக் கேட்டிருக்கலாம். ஒரு புருவத்துக்கு ஆகும் செலவில் எத்தனை நோயாளிகளுக்கு மாத்திரை வாங்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டுவதும் எளிது. கையும் காலும் தேறிய பின்னும் வேலை கேட்டு வாசலில் நின்றவரை உள்ளே விடச் செய்தது அந்தப் புருவம்.